பரண் மேல் கனகசபை

ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான், தன் இரண்டு கால்களும் பரணுக்குள் வந்துவிட்டன என்பதும், அவற்றைத் திரும்பக் கீழே கொண்டுபோக வழியில்லை என்பதும் கனகசபைக்கு ஒன்றாக உறைத்தது. கட்டில், கட்டில் மேல் பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூல் மேல் அவர், அவர் மார்புக்கு நேராகப் பரணின் விளிம்பு என்று காலை காபி குடிக்கும்போதே மனசில் படம் போட்டுவைத்திருந்தார். ஏறுகிற படம் மட்டும்தான். கடைசி உந்தலில் கால் பட்டு, ஸ்டூல் மெத்தையில் ஒரு குதி குதித்து, தரையில் இரண்டு உருண்டு, பீரோ ஓரமாக நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு படுத்துவிட்டது. சரி, இதில் பதற ஒன்றும் இல்லை. அறுபத்து நாலு வயது. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் இல்லை. குதிப்பது என்ற பேச்சே கிடையாது. இந்திராணி பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கிவரப் போயிருக்கிறாள். "நீங்க எந்திரிச்சு வந்து திறக்க வேணாம், வெளியில பூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கடை தெருமுனையில். மழையில் போய்வர இருபது நிமிஷம் ஆகும். அவள் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று? சுவர்க் கடிகாரத்தை அவரே காலையில் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துவிட்டார். எங்கே வைத்தார் என்பது வேறு விஷயம். பரணில் நிமிர்ந்து உட்கார உயரம் இல்லை, நீட்டிப் படுக்க நீளம் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, தலையை மேல் தளத்தில் முட்டக் கொடுத்து, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைப் பித்தளை அண்டாவுக்குள் விட்டுக்கொண்டால்தான் உடம்பு ஒருமாதிரி அடங்கியது. அண்டாவுக்குள் கால் வைத்த நிலையில் ஒரு மனிதன் அவசரமாக எதையும் முடிவுசெய்யக் கூடாது.

மூன்று நாளாக டிவியில் வங்காள விரிகுடாவைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைச் சுழி. முதல் நாள் அது தாழ்வுப் பகுதி, அடுத்த நாள் தாழ்வு மண்டலம், நேற்று ராத்திரி ஆழ்ந்த தாழ்வு மண்டலம், இன்று காலையில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் வைத்துவிட்டால் ஒரு பொருள் வந்து சேர்ந்தே தீரும் என்பது கனகசபையின் அனுபவம். முப்பத்து நாலு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். சீட்டு ஒட்டிய மூட்டை தாமதமாகலாம், தொலைவதில்லை. அதனால்தான் இந்த மூன்று நாளும் அவர் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினார். 'அரிசி டிரம், முதல் நிலை.' 'மிக்ஸி, இரண்டாம் நிலை.' 'தலையணைகள், நனைந்தால் பரவாயில்லை.' இந்திராணி ஒருமுறை அவர் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, "எனக்கு எந்த நிலைங்க?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. மடிப்பாக்கத்தில் ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீட்டில் கீழ்த்தளத்தில் இருப்பவனுக்கு நவம்பரில் சிரிப்பு வராது. போன தடவை தண்ணீர் ஜன்னல் கட்டை வரைக்கும் வந்தது. ஆகவே எல்லாம் ஜன்னல் கட்டைக்கு மேலே போக வேண்டும் என்பது கணக்கு. ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினார். டிவியைப் பீரோ மேல் ஏற்றினார். சோபாவைச் சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றினார். சோபா ஏறிய பிறகு சாப்பாட்டு மேஜை நனைந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. அது பலகை மேஜை, ஊறிவிடும். மேஜையைக் கட்டில் மேல் ஏற்றலாம். கட்டிலை? எதை எதன் மேல் வைத்தாலும் கடைசியில் ஒன்று தரையில் நின்றது. நேற்றெல்லாம் இதே யோசனையில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்திராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "மேலே கொண்டுபோய் வெச்சா ஒரு மணி நேர வேலைங்க" என்றாள். "மேலேன்னா?" என்றார் இவர். அவள் கூரையைப் பார்த்தாள். இவரும் கூரையைப் பார்த்தார். பிறகு கூரைக்கு அரையடி கீழே பார்வையைக் கொண்டுவந்து நிறுத்தி, "பரண் இருக்கே" என்றார்.

கூரைக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி இருந்தான். திருநாவுக்கரசு, வீட்டில் அரசு. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது தலைக்கு நேர் மேலே, நாலரை அங்குலத் தளத்துக்கு அப்பால் அவன் நடந்துகொண்டிருந்தான். பரணுக்கு வந்ததில் இந்த ஒரு சங்கடத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. கீழே நின்றால் கேட்காததெல்லாம் இங்கே காதுக்குள் கேட்டது. இடது கால் அழுத்தமாக, வலது கால் தேய்ந்து, அப்பாவின் நடை. அவனுக்கு அறுபது ஆகிறது, நடை வந்துவிட்டது. போகட்டும், நமக்கென்ன. அவன் நடக்கிறான், நாம் கேட்கவில்லை. கேட்பது காதின் வேலை. அவன் பெண் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் முதல் பெயராக யார் பெயர் வந்திருக்க வேண்டும்? பெரியப்பா பெயர். யார் பெயர் வந்தது? பெண்ணின் தாய்மாமன் பெயர். அரசுவின் பெண்டாட்டி வத்சலாவின் தம்பி! நேற்று முளைத்தவன், செய்யாறில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். கனகசபை மூன்றாவதாக, அதுவும் 'கனகசபாபதி' என்று. தன் பெயர் கனகசபை. பதி எங்கிருந்து வந்தது? கல்யாணத்துக்குப் போனார், போகாமல் இருப்பாரா, பெண் என்ன பாவம் செய்தது, அட்சதை போட்டார், மொய் எழுதினார், ஆனால் பந்தியில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டார். ஒரு கல்யாண வீட்டை அவமானப்படுத்த அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. வெளியே வரும்போது பந்தி வாசலில் வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்தது. பொன்னிறமாக ஒருவன் தட்டில் அடுக்கிக்கொண்டு போனான். அந்தத் தட்டு தன்னைத் தாண்டிப் போன விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் இந்திராணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தான் அன்றைக்கு இரண்டாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்ததாகவும், பஜ்ஜி ஒன்றும் பிரமாதம் இல்லை, எண்ணெய் குடித்திருந்தது என்றும் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, இல்லை ருசித்துத்தான் சொன்னாளா என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்தப் பத்திரிகையை அச்சடிக்கும் முன்னால்... சரி, அது எதற்கு இப்போது. மழை வலுக்கிறது.

பரணின் ஓரத்தில் ஒரு வெண்டிலேட்டர் இருந்தது. சிமெண்டுக் கட்டங்கள் வழியாக வெளி மாடிப்படியின் நான்கு படிகள் மட்டும் தெரிந்தன. படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் இவ்வளவு அழகாகப் படி இறங்குகிறதே, இதற்கு மட்டும் ஸ்டூல் வேண்டாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. போன வெள்ளத்தின்போது அந்தப் படியில்தான் ஏறினார். விடிகாலையில் கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதக்கிறது என்று இந்திராணி எழுப்பினாள். அரசு படிகளில் தடதடவென்று ஓடிவந்து, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "அண்ணா, கையில கெடைக்கிறதைத் தூக்குங்க, மேல வாங்க" என்று கத்தினான். கனகசபை தூக்கினார். பார்சல் கிளார்க் தூக்குகிற மாதிரி, அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை, சாய்க்காமல், குலுக்காமல், மார்போடு அணைத்து, முழங்காலளவு தண்ணீரில் படிப்படியாக ஏறிக் கொண்டுபோய் அரசுவின் கூடத்தில் இறக்கினார். மிக்ஸி அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே தெர்மாகோல் மட்டும் இருந்தது. மிக்ஸி கீழே சமையலறையில் முழுகிக்கொண்டிருந்தது. அரசு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உட்கார்ந்து சிரித்தான். நான்கு நாள் அவன் வீட்டில் கரண்ட் இல்லாமல், செல்போன் இல்லாமல் எல்லோரும் கிடந்தார்கள், நான்கு நாளும் இடையிடையே 'தெர்மாகோல்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சிரித்தான். இவருக்கும் மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நான்கு நாளும் அண்ணனும் தம்பியும் கூடத்தில் ஒரே ஜமக்காளத்தில் படுத்தார்கள், செய்யாறு வீட்டில் சின்ன வயசில் படுத்த மாதிரி. தூக்கத்தில் அவன் கால் இவர் மேல் விழுந்தது. உதைத்துத் தள்ளினார். திரும்பவும் விழுந்தது. விட்டுவிட்டார். அதற்கடுத்த வருஷம் அப்பா காலமாகி, வீட்டை எழுத்து மூலமாகப் பிரிக்கும்போது அரசுதான் சொன்னான், "அண்ணா, நீங்க ரெண்டு பேரும் மேல வந்துடுங்க, நாங்க கீழ போறோம். தண்ணி வந்தா உங்களால ஆகாது." அப்போது என்ன சொன்னோம்? மூத்தவன் வாசலில் இருக்க வேண்டும் என்றோம். அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வாசலில் இருப்பது மாடு. மூத்தவன் மேலே இருந்தால் என்ன முழுகிப்போகும்? கீழே இருந்தால்தான் முழுகிப்போகும். இந்த எளிய விஷயம் பரணில் ஏறி, தலை தளத்தில் முட்டும்போதுதானா புரிய வேண்டும்?

அப்போதுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண் சிரிப்பு. மேலே, தலைக்குக் கொஞ்சம் இடது புறத்தில், அரசுவின் சமையலறை இருக்கும் இடத்தில். வத்சலா சிரிப்பு இப்படி இருக்காது, அவள் சிரித்தால் விக்கல் மாதிரி துண்டு துண்டாக வரும். இது நீளமாக, முடிவில் ஒரு 'அய்யோ'வோடு வந்தது. அந்த 'அய்யோ'வுடன் முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். கனகசபை காதை வெண்டிலேட்டரில் வைத்தார். மேல்வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மழைக்கு நடுவே வார்த்தைகள் விட்டு விட்டு வந்தன. "...சோபாவை மேஜை மேல ஏத்தி வெச்சிருக்காரு வத்சலா, நேத்து நைட்டு ரெண்டு பேரும் தரையில உக்காந்துதான் சாப்பிட்டோம்." விக்கல் விக்கலாக இன்னொரு சிரிப்பு. "அக்கா, தையல் மெஷினை இந்த மூலையில போட்டுடட்டுமா?" "போடு. பட்டுப்புடவைப் பெட்டி எங்க?" "அதுதான் திங்கக்கிழமையே வந்துடுச்சே." கனகசபைக்குக் காது சூடானது. திங்கட்கிழமையா? இன்றைக்கு வியாழன். தையல் மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னாளே. பெரிய குக்கருக்குக் கைப்பிடி போயிற்று என்றாளே. பிறகு, தேடித் தேடிக் கிடைக்காத அந்த மருந்து டப்பா, பத்திரப் பை, வெள்ளி விளக்கு. மூன்று நாளாக அவர் சீட்டு எழுதிக்கொண்டிருக்க, இவள் கொல்லைக் கதவு வழியாகச் சாமான் கடத்தியிருக்கிறாள்! அவர் வீட்டிலிருந்தே, அவர் கண் முன்னாலேயே, சீட்டு ஒட்டாமலேயே! எத்தனை டிப்போ, எத்தனை சரக்கு வண்டி பார்த்தவன், சொந்த வீட்டில் இப்படிக் கோட்டை விட்டேனே என்று அவர் கொதித்தபோதே, கொதிப்புக்கு அடியில் ஒரு நிம்மதி மெதுவாகக் கசிந்தது. பத்திரப் பை மேலே போய்விட்டது. வெள்ளி விளக்கு மேலே போய்விட்டது. நல்லவேளை. அந்த நிம்மதி பிடிக்காமல் அவர் மறுபடியும் கொதித்துப் பார்த்தார். சரியாகக் கொதிக்க வரவில்லை.

கீழே பீரோ மேல் டிவிக்குப் பக்கத்தில் அவருடைய செல்போன் அடித்தது. கையை நீட்டினார். எட்டவில்லை, நீட்டிய கை பரணின் விளிம்பில் தொங்கிக்கொண்டு மணியைக் கேட்டது. மேலே இந்திராணியின் குரல் வந்தது. "எடுக்க மாட்டேங்கிறாரு. கடையில மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன்னு சொல்லலாம்னு பாத்தேன். தூங்கிட்டாரு போல." "பாவம், மூணு நாளா அலையறாரு மாமா" என்றாள் வத்சலா. பாவம் என்று அவள் சொன்ன விதத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் குத்தியது. இதற்கு நடுவில் இன்னொரு தகவல் வயிற்றுக்குக் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. முதலில் அதைப் பொருட்படுத்தாமல்தான் இருந்தார். சர்க்கரைக்காரன் உடம்பு, மழைக்காலம், காலையில் இரண்டு டம்ளர் காபி, சுற்றிலும் எங்கு பார்த்தாலும் ஓட்டமாக ஓடுகிற தண்ணீரின் சத்தம். படிகளில் சொட்டுகிறது, குழாயில் இறங்குகிறது, தகரத்தில் கொட்டுகிறது, உலகமே ஒண்ணுக்குப் போகிறது, கனகசபை மட்டும் போக முடியாது. காலுக்கடியில் பித்தளை அண்டா இருந்தது. அண்டாவைப் பார்த்தார். சீச்சீ. அது அப்பா வாங்கியது, பொங்கலுக்குத் தண்ணீர் வைப்பது. அண்டா மேல் இருந்து பார்வையை எடுத்தார். அது தானாகத் திரும்பிப்போய் அண்டாவிலேயே உட்கார்ந்தது. ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் கெட்ட பெயர் எடுக்காதவன், பரணில் ஒரு மழைநாளில் எப்படிப்பட்ட ஆளாக மாறப்போகிறேன் என்று நினைத்தபோது உண்மையாகவே பயம் வந்தது. அதோடு இன்னொரு பயம். தண்ணீர் வந்துவிட்டால்? இவள் மேலே பேசிக்கொண்டே இருக்கிறாள், வீடு வெளியில் பூட்டு, சாக்கடை எதிர்த்துக்கொண்டு முதலில் குளியலறை ஓட்டை வழியாகத்தான் வரும், போன தடவையும் அப்படித்தான் வந்தது, முதலில் ஒரு குமிழி, பிறகு ஒரு கரப்பான், பிறகு தெருவே உள்ளே வந்தது. விளிம்பிலிருந்து தலையை நீட்டித் தரையைப் பார்த்தார். தரை காய்ந்துதான் இருந்தது. வாசல் பக்கம் மட்டும் ஏதோ பளபளத்தது. மொசைக்கின் பளபளப்பா, தண்ணீரா? கண்ணாடியும் கீழே இருந்தது.

தட்ட வேண்டியதுதான். தட்டுவது பேச்சாகாது. பக்கத்து வீட்டுக்காரன் தட்டுவதில்லையா, கொத்தனார் தட்டுவதில்லையா? அண்டாவுக்குப் பின்னால் துழாவியபோது பழைய தேங்காய்த் துருவுமணை ஒன்று அகப்பட்டது. அதைத் தலைகீழாகப் பிடித்து, கட்டையால் தளத்தில் மூன்று தட்டு தட்டினார், மரியாதையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு. மேலே நடை நின்றது. சிமெண்டுத் தூள் கண்ணில் விழுந்தது. "கீழ என்னமோ இடிக்கிற சத்தம் கேக்குதே" என்றது ஓர் ஆண் குரல். மூன்று வருஷமாக மாடிப்படியில் செருமலாகவும் வாசலில் தும்மலாகவும் மட்டும் கேட்ட குரல். "அவரு ஆணி அடிக்கிறாரு" என்றாள் இந்திராணி. "முழிச்சிக்கிட்டாரு போல. மூணு நாளா இப்படித்தான், நீங்க காபி குடிங்க." நடை திரும்பவும் தொடங்கியது. கனகசபை துருவுமணையை இறக்கி வைத்தார். "இந்திராணி!" என்று கூப்பிட்டார். மழை அதை வாங்கித் தகரத்தில் போட்டு நசுக்கியது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மேலே யாரோ குழாயைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கண்ணைக் கட்டியது.

அந்தப் பத்திரிகையை அச்சடிக்கும் முன்னால் அரசு புரூஃப் கொண்டுவந்து கொடுத்தான். இது வரக்கூடாது என்றுதான் மூன்று வருஷமாக இந்த இடம் வந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடுவார். இப்போது திரும்ப இடம் இல்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அண்டா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுக்கப்போகிற நேரம். "அண்ணா, நீங்க ஒரு தரம் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டா பிரஸ்ல கொடுத்துடுவேன், பேரெல்லாம் சரியான்னு பாருங்க" என்றான். கண்ணாடி உள்ளே இருந்தது. எழுந்து போய் எடுத்துவரச் சோம்பல். அதைச் சொல்லவும் கௌரவம் விடவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்து, புருவத்தைத் தூக்கி, மேலிருந்து கீழே பார்த்தார். பெரிய எழுத்தில் இருந்த 'திருமண அழைப்பிதழ்' மட்டும் தெரிந்தது. எதையாவது திருத்தாமல் கொடுத்தால் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமே என்று, 'வருகைதந்து' என்று சேர்ந்திருந்ததைப் பிரித்துக் கோடு போட்டார். "தமிழைக் கொலை பண்றானுங்க" என்றார். அடியில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து 'கனகசபாபதி' என்ற எழுத்துக்கு நேர் பக்கத்தில் விழுந்திருக்கும். அந்தத் தாள் அரசுவிடம் இருக்கிறது. பந்தியில் உட்காராமல் அவர் வெளியே நடந்த அன்றைக்கும் இருந்தது. அவன் அதை எடுத்து ஒரு ஆளிடம், ஒரே ஒரு ஆளிடம் காட்டியிருந்தால் போதும், சம்பந்தி வீட்டார் முன்னால் இவர் முகம் என்ன ஆகியிருக்கும். அவன் காட்டவில்லை. இந்திராணிக்குக்கூடத் தெரியாது. மூன்று வருஷம் மாடிப்படியில் செருமிக்கொண்டு மட்டும் இருந்தான். கனகசபைக்கு மூக்கில் என்னவோ ஏறியது, சிமெண்டுத் தூளாக இருக்கும். கீழேயிருந்து வந்த செய்தி இனிமேல் தாங்காது என்றது. அவர் வெண்டிலேட்டரில் வாயை வைத்தார். நாகரிகமாக "ஏம்ப்பா" என்று தொடங்குவதா, "யாராவது இருக்கீங்களா" என்று பொதுவாகக் கேட்பதா என்று நாக்கு ஒரு கணம் தடுமாறியது. வந்தது இரண்டும் இல்லை.

"டேய் அரசூ!"

மேலே நாற்காலி ஒன்று விழுந்தது. தடதடவென்று படிகளில் கால்கள் இறங்கின. கட்டங்கள் வழியாகப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பில்லாத, நரைத்த முடி ஒட்டிய, இரண்டாம் விரல் நீண்ட பாதங்கள். தன் பாதங்களே தனக்கு முன்னால் ஓடுகிற மாதிரி இருந்தது. இந்திராணியின் சாவியில் பூட்டு திறந்தது. அரசு கூடத்தில் நின்று சோபா ஏறிய மேஜையைச் சுற்றிப் பார்த்தான், சமையலறையில் பார்த்தான், "அண்ணா! எங்க இருக்கீங்க?" என்றான்.

"இங்கதான்" என்றது கூரை.

அரசு படுக்கையறைக்கு வந்து நிமிர்ந்தான். மழையில் நனைந்த தலை. மூன்று வருஷத்துக்குப் பிறகு முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை யார் பேசுவது என்பது ஒரு பெரிய விஷயம்.

"அங்க என்ன பண்றீங்க?"

"சாமான் எடுத்து வைக்கிறேன்."

"ஓ." அரசு தலையை ஆட்டினான். "சரி, வைங்க." அவன் திரும்பினான்.

"டேய், டேய். அந்த ஸ்டூலை எடு."

ஸ்டூலைக் கட்டில் மேல் வைத்து, அது ஆடாமல் அரசு பிடித்துக்கொண்டான். அண்டாவிலிருந்து கால் வர மறுத்தது. ஒருவழியாக வந்து, காற்றில் துழாவி, ஸ்டூலுக்கு எட்டாமல் அரசுவின் தோளில் இறங்கியது. "பாத்து" என்றான் அரசு. "நான் பாக்கறேன், நீ ஆடாதே" என்றார் கனகசபை. தரையைத் தொட்டதும் தம்பிக்கு நன்றி சொல்வதா, அண்ணன் என்ற முறையில் ஏதாவது குற்றம் சொல்வதா என்று தீர்மானிக்க நேரம் இருக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார். உலகத்தின் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

அரசு அரிசி டிரம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டை ஒருதரம் படித்தான். வாசலில் பளபளத்தது தண்ணீர்தான். முதல் படியைத் தொட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றது.

"அரசு."

"சொல்லுங்க."

"அந்தப் பத்திரிகை புரூஃப் நான்தான் பாத்தேன்."

அரசு டிரம்மை இறக்கவில்லை. "தெரியும்."

"கண்ணாடி போடலை."

"அதுவும் தெரியும். தலைகீழா பிடிச்சிருந்தீங்க, அப்புறம்தான் திருப்பினீங்க."

கனகசபை சுவரைப் பார்த்தார். "அப்ப ஏன்டா ஒரு வார்த்தை சொல்லலை? மூணு வருஷமா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? வெக்கத்துல வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுச் செய்யாறுக்கே போயிருப்பீங்க. கோவமா இருந்தா கீழயாவது இருப்பீங்கன்னு விட்டுட்டேன்." டிரம் தோளில் அழுத்த அவன் முகம் கோணியது. "இது கனமா இருக்கு அண்ணா. முன்னாடி போய்க் கதவைத் திற."

திற என்றான், திறங்க என்று சொல்லவில்லை. செய்யாறு வீட்டில் பேசிய மாதிரி. கனகசபை முன்னால் போய்க் கதவைத் திறந்தார்.

ஒரு மணி நேர வேலைதான், இந்திராணி சொன்னது சரி. நாலு பேருமாக ஏற்றி இறக்கினார்கள். இந்திராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள், "கடையில பால் இல்லை" என்றாள். "இருக்காது" என்றார் அவர். மூன்றரை மணிக்கு அரசுவின் கூடத்தில் இரண்டு சோபா, இரண்டு டிவி, இரண்டு மேஜை. நடக்க வழி இல்லை. கனகசபை தன் சோபாவில், தம்பியின் வீட்டில் உட்கார்ந்து, வத்சலா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார். "மாமா, சக்கரை போடலை" என்றாள். அவளுக்கு நினைவிருந்தது. அரசு டிவியைப் போட்டான். வங்காள விரிகுடாவில் வெள்ளைச் சுழி வடக்கே நகர்ந்திருந்தது. புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டதாகவும், சென்னைக்கும் புறநகருக்கும் இனி கனமழை இல்லை என்றும் ஒருவர் கோலால் காட்டிக்காட்டிச் சொன்னார். இந்திராணி வத்சலாவைப் பார்த்தாள். வத்சலா சோபாவைப் பார்த்தாள். அரசு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்காத மாதிரி இருந்தான். ஜன்னல் வழியாக, மூன்று நாளில் முதல்முறையாக, கொஞ்சம் வெயில் வந்து மொசைக் தரையில் விழுந்து, கனகசபையின் பாதம் வரைக்கும் நீண்டது.

கனகசபை பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இவனுங்க சொல்றதை நம்பாதே" என்றார். "டிசம்பர் முழுக்க இருக்கு."

"அதானே" என்றான் அரசு, டிவியை அணைத்தான்.